பெயர் சொல்லாமல் விட்ட இடம்

பிரான்க்ஸ்
7 அக்டோபர் 2007

அன்புள்ள லெனாக்ஸ் அண்ணா,

அதை முதலில் செய்தது யார்? போன வாரம் வகுப்பில் ஒரு மாணவி என்னைக் கேட்டாள். ஒரே பாட்டின் இரண்டு இசைத்தட்டுகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, பாடகர் ஓய்ந்து மேளம் மட்டும் தனியே ஒலிக்கும் அந்தச் சிறு துண்டை, அந்த பிரேக்கை, முடியவிடாமல் மாற்றி மாற்றி ஓட்டலாம் என்று யாருக்கு முதலில் தோன்றியது? தெரியாது என்றேன்.

"நீங்க அந்தக் கட்டடத்துலயே வளர்ந்தவங்கதானே, புரொபசர்?" என்றாள்.

வளர்ந்தேன்தான். ஒரு இடத்தில் இருந்ததாலேயே அங்கே நடந்தது தெரிந்துவிடும் என்று நான் நம்புவதில்லை. இதை அச்சில் எழுதியதற்காகத்தான் மூன்று ஆண்டுகளாக நீ என்னோடு பேசவில்லை. இப்போது நீ விரும்பினாலும் பேச முடியாது. உன் குரல்வளையை எடுத்துவிட்டார்கள் என்று உன் மகள் சொன்னாள். நான் அனுப்பிய பூக்கள் வந்து சேர்ந்தன என்றும் சொன்னாள்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. நம் பழைய கட்டடத்தின் கீழ்க்கூடத்தில், நீங்கள் ஆட்டமும் பாட்டுமாய் விருந்து வைத்த அதே அறையில், ஒரு வெண்கலப் பலகை பதிக்கப் போகிறார்கள். வாசகத்தைச் சரிபார்க்க என்னை அழைத்தார்கள். 'இந்த அறையில் 1975 கோடையில் டர்ன்டேபிள்களை இயக்கி இசையைத் தொடங்கியவர் பிரின்ஸ் டெஸ்' என்று இருக்கிறது. நம் டெஸ்மண்ட் பியர்ட்தான், நான்காம் மாடிக்காரர். இப்போது முழங்கால் தேய்ந்து, கைத்தடியோடு நடக்கிறார்.

கூட்டத்தில் அரை மணி நேரம் பலகையைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த இசையின் பேரில் இன்று வானொலியில் வருவது அசலா போலியா என்று சண்டை. "இப்ப வர்றதெல்லாம் ஷூ விளம்பரம்மா" என்றார் டெஸ்மண்ட். பலகைக் குழுவின் தலைவி மிஸஸ் ஹார்க்னஸ் மேசையைத் தட்டி, "எது போலின்னு அப்புறம் பாக்கலாம், முதல்ல எது அசல்னு பித்தளையில போட்டு வைங்க" என்றார். வெண்கலம் என்று யாரோ திருத்தினார்கள்.

நீ மைக் பிடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. உன் பெயரும் சிறிய எழுத்தில் கீழே வருகிறது. உனக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன்.

வெர்னா

&nbsp;

சவானா
15 அக்டோபர்

வெர்னா,

எனக்குத் தொண்டையில ஒரு ஓட்டை இருக்கு, அது வழியா மூச்சு மட்டும்தான் வருது. அதனால பேசுற மாதிரியே எழுதறேன். நீ இலக்கணம் பாக்காத.

மகிழ்ச்சியா? உன் கடுதாசியப் படிச்சதும் கைல இருந்த கஞ்சிக் கிண்ணத்தத் தூக்கிப் போட்டேன். நர்ஸு ஓடி வந்து, "என்ன மிஸ்டர் கிட்டன்ஸ், ருசி இல்லையா?"ன்னு கேக்கறா. அவகிட்ட என்னத்தச் சொல்ல?

எஃப்ராயின் எங்கடீ? எஃப்ராயின் கீலெஸ். எழுபத்தஞ்சுல டர்ன்டேபிள்ல நின்னது அவன். டெஸ்மண்ட் வந்தது அடுத்த வருஷம், எஃப்ராயின் வீட்டோட போர்ட்டோரிக்கோவுக்குப் போயிட்டு வந்த அந்த ஆறு மாசத்துல. டெஸ்மண்ட் நல்லாத்தான் வாசிச்சான், இல்லன்னு சொல்லல. ஆனா அவன் கத்துக்கிட்டது எஃப்ராயின் தோளுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாத்து.

எனக்கு என் பேரு வேணாம். அதச் செதுக்கி எறியச் சொல்லு. அவன் பேரப் போடச் சொல்லு. அவன் எண்பத்தாறுல போதை ஊசியால வந்த நோயில செத்தப்ப அவங்கப்பா, அந்தப் பாஸ்டர், சவப்பெட்டி பக்கத்துல நின்னு ஒரு மணி நேரம் பேசினாரு. மகன் தச்சு வேலை தெரிஞ்சவன்னு சொன்னாரு. பாட்டப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நான் எந்திரிச்சேன். ரெண்டு பேரு தோளப் புடிச்சு உக்கார வச்சுட்டாங்க. அன்னிக்கு என்கிட்ட தொண்டை இருந்துச்சு, பாரு.

அசலு போலின்னு அடிச்சுக்கிறவனுக்கெல்லாம் சொல்லு, அன்னிக்கு அதுக்கு ஒரு பேரு கூட கிடையாது. சனிக்கிழமைன்னுதான் சொல்லுவோம். "சனிக்கிழமைக்கு வர்றியா?" அவ்ளோதான்.

நீ ஆதாரம் கேப்ப. எனக்குத் தெரியும் உன்ன. அம்மா வீட்டக் காலி பண்ணப்ப தட்டுப் பெட்டி உன்கிட்டதான் வந்துச்சு. அடில ஒரு கேசட் கெடக்கும். எழுபத்தஞ்சு ஆகஸ்ட்டு. அதுல நான் கூடத்துல இருக்கற ஒவ்வொருத்தர் பேரையும் கூப்புடறேன். டர்ன்டேபிள்ல யாருன்னு என் வாயே சொல்லும். போட்டுக் கேளு.

லெனாக்ஸ்

&nbsp;

பிரான்க்ஸ்
24 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

பெட்டியை இறக்கினேன். எந்தத் தட்டிலும் லேபிள் இல்லை, நடுவில் வெறும் கறுப்பு வட்டம். அது எனக்கு நினைவிருந்திருக்க வேண்டும். அம்மா மருத்துவமனையில் இரவு வேலைக்குப் போன பிறகு நம் குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, நானும் எஃப்ராயினும்தான் அவற்றை ஊறப் போட்டு உரித்தோம். காகிதக் கூழ் குழாயை அடைத்துக்கொண்டு, அம்மாவிடம் நான் மட்டும் திட்டு வாங்கினேன். போட்டிக் குழுக்காரர்கள் எட்டிப் பார்த்து, பாட்டின் பெயரைப் படித்து, கடைக்கு ஓடக் கூடாது, அதற்காகத்தான். "பேரு இல்லாத பொருள எவனாலயும் திருட முடியாது, குட்டி" என்பான் எஃப்ராயின், நகத்தால் சுரண்டியபடியே.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

டெஸ்மண்டை வீட்டுக்கு அழைத்தேன். தேநீர் கொடுத்தேன், தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். நாலு விநாடி கேட்டதும் பாட்டு, பாடியவர், எந்தக் கடையில் கிடைத்தது எல்லாம் சொன்னார். "இதெல்லாம் என் தட்டுதாம்மா. பாரு, நான்தான் உரிச்சேன்" என்று கறுப்பு வட்டத்தைத் தடவிக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை, அண்ணா. அதுதான் சிக்கல். அவரும் உரித்தவர்தான். அன்று எல்லோருமே உரித்தார்கள். உரித்த பிறகு ஒருவர் தட்டுக்கும் இன்னொருவர் தட்டுக்கும் என்ன வித்தியாசம்?

எஃப்ராயினைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்தது. "அந்த ஸ்பானிஷ் பையனா? தங்கமானவன். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பண்ணுவான். டான்ஸும் ஆடுவான்னு நினைக்கிறேன்."

பிறகு கேசட்டைப் போட்டேன். முப்பத்திரண்டு வருடப் பழைய நாடா, மழை பெய்வது போல இரைச்சல். அதற்குள்ளிருந்து நீ. உன் குரல் அவ்வளவு இளமையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பேர் பேராகக் கூப்பிடுகிறாய். இரண்டாம் மாடி மார்வா. முடிதிருத்தும் ஆல்டன். கதவருகில் என் தங்கச்சி வெர்னா, எவனும் கிட்டப் போகாதீங்க. ஆல்டனின் பல்லைக் கூடக் கேலி செய்கிறாய். பிறகு, "டர்ன்டேபிள்ல யாரு?" என்று கத்துகிறாய். அதன் பின் ஒன்றுமில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் கூடம் முழுவதும் அமைதி. ஊசி துள்ளியது போல மேளத்தில் இரண்டு அடி. எல்லோரும் சிரிக்கிறார்கள். நீ அடுத்த பெயருக்குப் போய்விடுகிறாய்.

பலமுறை கேட்டேன். அவன் பெயர் எங்குமே இல்லை. "யாரு இது வாசிக்கிறது?" என்று டெஸ்மண்டிடம் கேட்டேன். "நான்தாம்மா. வேற யாரு?" என்றார்.

எஃப்ராயின் அந்த டர்ன்டேபிள்கள் முன்னால் குனிந்து நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அது எழுபத்தைந்தா எழுபத்தாறா என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. குழுவிடம் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. மன்னித்துக்கொள்.

வெர்னா

&nbsp;

சவானா
31 அக்டோபர்

வெர்னா,

ரெண்டு நாளு ஒன்னும் சாப்பிடல. சொன்னேன்னுதான் இத்தன வருஷமும் நினைச்சுக்கிட்டு இருந்தேன். என் காதுலயே கேக்குது நான் சொல்றது. நீ எழுதினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, சொன்னதே இல்ல. ஒரு தடவ கூட.

எப்படிச் சொல்லுவேன்? அவங்கப்பாவோட சபை எங்க இருந்துச்சு, மறந்துட்டியா? கூடத்துக்கு ஒட்டுனாப்ல, அந்தப் பக்கத்துக் கடையில. நடுவுல ஒத்தச் செவுரு. சனிக்கிழமை ராத்திரி அவங்க அந்தப் பக்கம் ஜெபம், நாங்க இந்தப் பக்கம் ஆட்டம். மைக்ல எஃப்ராயின்னு ஒரு சத்தம் போச்சுன்னா பாஸ்டரு பெல்ட்டக் கழட்டிக்கிட்டு வந்துருவாரு. ஒரு தடவ வந்துமிருக்காரு. அவன் ஸ்பீக்கருக்குப் பின்னாடி சுருண்டு படுத்துக்கிட்டான். நாங்க பாஸ்டருக்கு ஒரு பாட்டில் கோக்கு குடுத்து அனுப்பி வச்சோம்.

அதுக்கப்புறம்தான் அந்த ஏற்பாடு. நான் "டர்ன்டேபிள்ல யாரு?"ன்னு கேப்பேன். கூடமே வாயப் பொத்திக்கும். நூத்தம்பது பேரு, ஒருத்தன் மூச்சு விடமாட்டான். அவன் தட்டப் பின்னாடி இழுத்து விடுவான். டும், தக். அதுதான் அவன். நீ சின்னப் பொண்ணு, உளறிருவன்னு உன்கிட்ட மட்டும் சொல்லல. அது ஊசி துள்ளல் இல்லடீ புரொபசர். அது அவன் பேரு.

எல்லாரும் சிரிச்சது அதுக்குத்தான். சுவத்துக்கு அந்தப் பக்கம் அப்பன் இருக்கான், இந்தப் பக்கம் புள்ள பதில் சொல்றான்.

இத அவங்ககிட்டச் சொல்லு. நூத்தம்பது பேரு கட்டிக் காத்தாங்க அந்தப் பேர. அதுல யாராவது ஒருத்தர் உசுரோட இருப்பாங்கல்ல?

எனக்கு ரொம்ப நாளு இல்ல வெர்னா. டாக்டரு சொல்லல, ஆனா அவரு இப்பல்லாம் உக்காந்து பேசறாரு.

லெ.

&nbsp;

பிரான்க்ஸ்
8 நவம்பர்

அன்புள்ள அண்ணா,

சொன்னேன். நீ எழுதியதை அப்படியே குழுவின் முன் படித்தேன். படித்தபோது அதை நம்பினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். உனக்கு அது முக்கியமாக இருக்கலாம்.

மிஸஸ் ஹார்க்னஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேக்க நல்லாத்தான் இருக்கு கண்ணு. ஆனா ரெண்டு அடி மேளத்த எப்படிப் பலகைல எழுதறது?" என்றார்.

"பெயரை எழுதலாம்" என்றேன்.

"எத வச்சு? நீயே எழுதியிருக்கியே, நினைவு சாட்சி ஆகாதுன்னு. எம் பேத்தி காலேஜ்ல அதப் படிச்சுட்டு வந்து எங்கிட்டயே ஒப்பிச்சா."

டெஸ்மண்ட் கோபப்படவில்லை. கைத்தடியைப் பார்த்துக்கொண்டே, "ஆறு மாசம் முன்னப் பின்ன இருக்கலாம். ஆனா அந்த ரெண்டு அடி நானும்தான் அடிப்பேன். எல்லாருமே அடிப்போம்" என்றார். யாரோ ஒருவர், "ஸ்பானிஷ்காரங்க ஆடினாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா இசை நம்ம கறுப்பு ஜனங்களுது. அதையும் பங்கு போடச் சொல்றீங்களா?" என்றார். அந்தக் குரலில் இருந்தது பேராசை இல்லை, அண்ணா, பயம். நம்மிடமிருந்து எத்தனை பறிபோயிருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

பழைய ஆட்களைத் தேடினேன். ஆல்டன் இறந்துவிட்டார். மார்வா ஒரு முதியோர் இல்லத்தில் என்னைத் தன் மருமகள் என்று நினைத்துக்கொண்டு, துணிக்கடைக்காரர் போலத் தன் துணிகளையெல்லாம் எடுத்துக் காட்டினார். மற்றவர்கள் நம் பகுதிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எரிந்த அந்த ஆண்டுகளில் எங்கெங்கோ போய்விட்டார்கள்.

எஃப்ராயினின் அக்கா ஐரிஸ் இன்னும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், பள்ளிச் சமையலறையில் வேலை. போய்ப் பார்த்தேன். "பாட்டு போட்டானா? எங்க எஃப்ராயினா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கே தெரியாது. அவ்வளவு நன்றாக மறைத்திருக்கிறீர்கள்.

கடைசியில் ஒன்றுக்குச் சம்மதித்தார்கள். 17ஆம் தேதி திறப்பு விழாவில் கேசட்டிலிருந்து அந்தப் பகுதியை ஒலிபரப்பலாம். அபூர்வமான பதிவாம், எல்லோரும் கேட்க ஆசைப்படுகிறார்கள். எனக்குப் பேச நேரம் ஒதுக்கவில்லை.

வெர்னா

&nbsp;

சவானா
12 நவம்பர்

வெர்னா,

இன்னிக்குக் கொஞ்சந்தான் எழுத முடியும்.

பேச நேரம் வேணாம். மைக்கக் கையில வச்சுக்கோ. நான் டேப்புல "டர்ன்டேபிள்ல யாரு?"ன்னு கேப்பேன். அப்புறம் ஒரு மூச்சு எடம் விட்டிருக்கேன்ல, அந்த எடத்துல நீ சொல்லு. எஃப்ராயின் கீலெஸ். முழுப் பேரையும் சொல்லு, உரக்க. இப்ப அந்தப் பக்கம் சபை இல்ல. அவங்கப்பா இல்ல. பயப்பட யாருமில்ல.

நான் கேட்டு வச்சிருக்கேன். நீ பதில் சொன்னாப் போதும். முப்பது வருஷம் கழிச்சு நாம ரெண்டு பேரும் சேந்து சொன்ன மாதிரி ஆயிரும்.

என்ன நடந்துச்சோ அத அப்படியே எழுது. எனக்காக இனிப்பு தடவாத.

லெ.

&nbsp;

பிரான்க்ஸ்
16 நவம்பர், வெள்ளி

அன்புள்ள அண்ணா,

நாளை விழா. சமையலறையில் கேசட்டைப் போட்டு ஒத்திகை பார்த்தேன். வகுப்பில் இருநூறு பேர் முன்னால் பேசுகிறவள் நான், ஆனால் அந்த ஒரு மூச்சு இடத்துக்குள் அவன் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பது எளிதாக இல்லை. முதல் தடவை பிந்திவிட்டேன், மேளம் என் வாய்க்குள்ளேயே அடித்தது. பிறகு பழகிவிட்டது. மேல் வீட்டுக்காரர் தரையைத் தட்டி, "யாரும்மா அது எஃப்ராயின்? வந்து தொலையச் சொல்லு!" என்றார். நான் சிரித்தேன். இந்த மாதத்தில் முதல் தடவை.

ஐரிஸ் வருகிறார். அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நல்ல கோட்டு ஒன்றை அண்டை வீட்டில் இரவல் கேட்டிருக்கிறார்.

இதை இப்போது அஞ்சலில் சேர்க்கவில்லை. நாளை நடப்பதையும் எழுதிச் சேர்க்கிறேன்.

&nbsp;

17 நவம்பர், சனி

மழை பெய்தது. அதனால் வாசலில் வைத்திருந்த நாற்காலிகளைக் கீழ்க்கூடத்துக்கே கொண்டுவந்தார்கள். கூடம் நிரம்பிவிட்டது. பலகையைத் திறந்தார்கள். மாவட்ட அதிகாரி ஒருவர் பேசினார். டெஸ்மண்ட் தன் அம்மாவுக்கு நன்றி சொன்னார். நான் கேட்டபடி மைக்கை என் கையில் கொடுத்தார்கள், நான் கேசட்டை அறிமுகப்படுத்துவேன் என்று நினைத்து. அறிமுகப்படுத்தினேன். ஐரிஸ் முதல் வரிசை ஓரத்தில், பெரிய கோட்டுக்குள் சின்னதாக உட்கார்ந்திருந்தார்.

உன் குரல் கூடத்தில் நிறைந்தது. நீ ஆல்டனின் பல்லைக் கேலி செய்த இடத்தில், ஆல்டன் யார் என்றே தெரியாத பிள்ளைகளும் சிரித்தார்கள். நீ இன்னும் கூட்டத்தைக் கையில் வைத்திருக்கிறாய். உன் பேச்சுக்கு ஏற்பக் கை தூக்கினார்கள், தோளை ஆட்டினார்கள். நீ எதைக் கேட்டாலும் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

நீ கேட்டாய், "டர்ன்டேபிள்ல யாரு?"

நான் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். கூடம் முழுவதும் ஒரே குரலாக, "டெஸ்!" என்றது.

அவ்வளவு கச்சிதமாக அந்த இடத்தில் பொருந்தியது, அண்ணா. நீ அவருக்காகவே அளந்து விட்டதைப் போல. நானும் சொன்னேன். சொன்னேன் என்பது நிச்சயம், என் தொண்டை இப்போதும் வலிக்கிறது. ஆனால் எனக்கே கேட்கவில்லை. பிறகு அந்த இரண்டு அடி ஒலித்தது. டும், தக். டெஸ்மண்ட் கைத்தடியை உயர்த்தினார், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் அழுதார். அது நடிப்பு இல்லை.

"திரும்பப் போடு!" என்று கத்தினார்கள். ஒலிபெருக்கிக்காரர் நாடாவைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டார். நீ மறுபடியும் கேட்டாய். இந்த முறை இன்னும் உரக்கச் சொன்னார்கள். மூன்றாம் முறை நான் மைக்கை மேசையில் வைத்துவிட்டேன்.

மிஸஸ் ஹார்க்னஸ் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "ஆதாரம் இல்ல ஆதாரம் இல்லன்னு சொன்னியே கண்ணு. இதோ, உங்கண்ணன் வாயாலயே கேட்டுட்டோம்ல" என்றார். கேசட்டின் நகல் ஒன்று பலகைக்குக் கீழே எப்போதும் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தார்கள்.

ஐரிஸ் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார். "அவன் பேர எப்பச் சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

வெளியே இன்னும் மழை விடவில்லை. அவரை அவர் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினேன்.

வெர்னா